சம்மந்தி எழுந்து போகும் வரை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறந்ததல்ல. நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான கட்டுரையாகப் பிறந்தது.

திருச்செங்கோட்டிலிருந்து வரும் ஒரு சிறுவர் மாத இதழுக்கு ‘நாம் சாப்பிட்டது எங்கே போகிறது?’ என்று இரண்டு பக்கம் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். இதழை நடத்தும் பிரவீனா போனில் தெளிவாகச் சொல்லியிருந்தாள்: “வாயில ஆரம்பிச்சு அழகாக் கொண்டு போங்க அக்கா. கடைசிப் பகுதிய மட்டும் கொஞ்சம் நாசூக்கா முடிச்சிருங்க. பெத்தவங்களும் படிப்பாங்கல்ல?”

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். உணவுப் பாதையின் கடைசிப் பகுதியை நாசூக்காக முடிப்பது எப்படி? படைத்தவனே அதை நாசூக்காக முடிக்கவில்லையே!

கட்டுரை இரைப்பை வரைக்கும் வந்து நின்றிருந்தபோது என் கணவர் குமாரசாமிக்கு வயிற்றின் வலது பக்கம் பிடித்துக்கொண்டது. ராசிபுரத்திலிருந்து சேலத்துக்குக் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனோம். குடல்வால் வீங்கியிருக்கிறது, உடனே எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். பிறகு கொண்டுவந்து படுக்க வைத்த அறையில் இரண்டு கட்டில்கள், நடுவில் ஒரு பச்சைத் திரை. திரைக்கு இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் சின்னண்ணன் என்ற பெயருடைய வெண்ணந்தூர் விவசாயி.

அதோடு கட்டுரை படுத்துவிட்டது, கதை எழுந்து உட்கார்ந்துகொண்டது. (பயந்துகொண்டே படிக்க வேண்டாம். இதில் யாரும் சாகப் போவதில்லை. எனக்குச் சாவு எழுத வராது. எழுதினால் படிக்கிறவர்கள் சிரிக்கிறார்கள்.)

2

கதையைத் தொடங்கிப் பார்த்த விதங்கள்:

‘சேலத்தின் மேல் அன்றைக்கு வெயில் ஒரு—’

வெயிலில் தொடங்கும் கதைகளை எனக்குப் பிடிக்காது. அதுவும் அது ஏசி அறை. அடித்துவிட்டேன்.

‘சின்னண்ணன் தன் வாழ்நாளில் யார் முன்னாலும் குனிந்ததில்லை.’

பொய். வெண்ணந்தூரில் மரவள்ளி போட்டிருக்கிற மனிதர் குனியாமல் எப்படிக் கிழங்கு பிடுங்குவார்? அடித்துவிட்டேன்.

‘“காத்து பிரிஞ்சுதா?” என்று நர்ஸ் மதுமதி கேட்டாள். அறையில் இருந்த எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள்.’

இது இருக்கட்டும். ஏனென்றால் நடந்ததே அதுதான். அந்த அறையில் விடிந்தால் அந்தக் கேள்வி, மத்தியானம் அந்தக் கேள்வி, விளக்குப் போட்டால் அந்தக் கேள்வி. மதுமதி ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். பஸ் வந்துவிட்டதா என்று கேட்கிற குரலிலேயே இதையும் கேட்பாள். சின்னண்ணன் ஒவ்வொரு முறையும் சுவரிடம் பதில் சொல்வார்: “இல்லீங்க.”

(சின்னண்ணனைப் பற்றி ஒரு சந்தேகம். நான் எழுதி எழுதி அவரை அதிகமாக விறைப்பாக்கிவிட்டேனோ? நோயாளி உடுப்புக்கு மேலே துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார், அது நிஜம். மூக்கில் குழாயோடு “வாங்க, காப்பி சாப்புடறீங்களா?” என்று என்னை உபசரித்தார், அதுவும் நிஜம். சரி, நான் ஒன்றும் ஏற்றிச் சொல்லவில்லை.)

3

இந்த இடத்தில் பிள்ளைகளுக்கு எழுதியதிலிருந்து கொஞ்சம் வெட்டி ஒட்டுகிறேன். தாண்டிப் போகிறவர்கள் போகலாம். ஆனால் பிற்பாடு புரியவில்லை என்று என்னிடம் வரக் கூடாது.

சோற்றை நிறைய நேரம் மென்று பாருங்கள், இனிக்கும். எச்சில் அங்கேயே மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கத் தொடங்கிவிடுகிறது. விழுங்கிய கவளம் கிணற்றில் போட்ட கல்லைப்போல விழுவதில்லை. உணவுக்குழாய் அதைப் பிதுக்கிப் பிதுக்கி இறக்குகிறது. தலைகீழாக நின்று விழுங்கினாலும் இரைப்பைக்குத்தான் போகும். (வீட்டில் செய்து பார்க்காதீர்கள். பிரவீனா என்னைத் திட்டுவாள்.) இரைப்பை அமிலம் ஊற்றிக் கடைந்து கூழாக்குகிறது. அந்தக் கூழ் சிறுகுடலுக்குள் போகிறது. சிறுகுடல் என்று பெயர்தானே தவிர நீளம் இருபதடி இருக்கும். சத்தையெல்லாம் உறிஞ்சிக்கொள்வது அதுதான். மிச்சம் மீதி பெருங்குடலுக்கு. அது தண்ணீரை வடித்துக்கொள்கிறது. அங்கேயே குடியிருக்கும் நுண்ணுயிர்கள், கோடிக்கணக்கில், மீந்ததைத் தின்று காற்றை உண்டாக்குகின்றன.

இவ்வளவு வேலையையும் குடல் நம்மைக் கேட்டுக்கொண்டு செய்வதில்லை. அதற்கென்று சொந்த நரம்புப் பின்னல் இருக்கிறது. மூளை தூங்கினாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும். ஆனால் ரோஷக்காரப் பிறவி. அறுவை சிகிச்சையின்போது வெளி ஆள் கை பட்டுவிட்டால் கோபித்துக்கொண்டு படுத்துவிடும். தானாக எழுந்தால்தான் உண்டு. எழுவதிலும் ஒரு வரிசை இருக்கிறது. சிறுகுடல்தான் முதலில் எழும், வீட்டு மருமகளைப்போல. அடுத்தது இரைப்பை. கடைசியாகப் பெருங்குடல், காப்பி வாசம் வந்த பிறகு எழுந்திருக்கும் மாமனாரைப்போல.

மாமனார் எழுந்துவிட்டார் என்பது வெளியில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? காற்று பிரியும். அதற்காகத்தான் வயிற்றில் கத்தி வைத்தவரை அத்தனை முறை கேட்கிறார்கள். பிரிந்தால் வெந்நீர், கஞ்சி, இட்லி. பிரியாவிட்டால் கை நரம்பில் பாட்டில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும், டாக்டரின் முகம் நீண்டுகொண்டே போகும்.

4

சின்னண்ணனுக்கு அடிவயிற்றில் ஒரு வீக்கம் ரொம்ப நாளாக இருந்தது. குடலிறக்கம். வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை, மனைவி சௌந்திரத்திடம்கூட. மகள் தனப்பிரியாவுக்குத் திருச்செங்கோட்டில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயமும் முடிந்தது. சம்மந்தி வீட்டில் விருந்துக்கு அழைத்தார்கள். போனார், வாழையிலை நிறையச் சாப்பிட்டார், கை கழுவப் போன இடத்தில் சுருண்டு விழுந்தார். இறங்கிய குடல் திரும்ப ஏற முடியாமல் மாட்டி இறுகிவிட்டது. கெட்டுப்போன துண்டை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள்.

இப்போது சம்மந்தி உள்ளே வருகிறார். பெயர் மாதேஸ்வரன். ரிக் வண்டி வைத்து ஊர் ஊராகப் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போடுகிறவர். தேய்த்த வெள்ளைச் சட்டை, பேச்சு குறைவு, கட்டிலருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. சின்னண்ணனை விட்டு அவர் நகரவே இல்லை.

காரணம் இருந்தது. சேதி வெண்ணந்தூருக்குப் போய்ச் சேர்வதற்குள் கை கால் முளைத்துவிட்டது. சம்மந்தி வீட்டுச் சோறு ஒத்துக்கொள்ளவில்லையாம், அதுவும் முதல் விருந்தாம், நல்ல சகுனமா என்று ஒறம்பரைகளில் நாலு பேர் பேசினார்கள். ஒறம்பரை என்றால் எங்கள் பக்கத்தில் சொந்தக்காரர்கள். வாய்க்கு வாய் சகுனம் பார்க்கும் கூட்டம். அது மாதேஸ்வரன் காதுக்கும் எட்டியது. மனிதர் வந்து நாற்காலியில் உட்கார்ந்து சௌந்திரத்திடம் ஒரே பேச்சாகச் சொன்னார்.

“எங்கூட்டுல சாப்புட்டுத்தானுங்க படுத்தாரு. அவரு வாயில ஒரு வாய் கஞ்சி எறங்கறத என்ற கண்ணால பாக்காம நான் ஊட்டுக்குப் போகமாட்டனுங்க.”

முடிச்சைப் பாருங்கள். சின்னண்ணன் கஞ்சி குடித்தால்தான் மாதேஸ்வரன் போவார். காற்று பிரிந்தால்தான் சின்னண்ணனுக்குக் கஞ்சி. மாதேஸ்வரன் போனால்தான் காற்று பிரியும். ஏனென்றால் பெண்ணைக் கொடுக்கப்போகிற தகப்பன், புதுச் சம்மந்திக்கு எதிரில் கால் நீட்டிப் படுக்கவே கூசுகிற மனிதர், மற்றதை எப்படிச் செய்வார்?

கழிவறைக்குப் போகலாமே என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. போனார். மாதேஸ்வரன் பாட்டில் தொங்கும் கம்பியைத் தள்ளிக்கொண்டு கூடவே போனார். கதவுக்கு வெளியே நின்று, “நான் இங்கயேதான் நிக்கறனுங்க சம்மந்தி. தல சுத்துனா ஒரு கொரல் குடுங்க” என்றார். வராந்தாவில் நடந்தால் குடல் எழும் என்று மதுமதி சொன்னாள். நடந்தார். அப்போதும் அதே கம்பி, அதே சம்மந்தி. சூயிங்கம் மென்றால் குடல் ஏமாந்துபோய் எழுந்துகொள்ளும் என்றாள். சின்னண்ணன் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார்.

“சம்மந்தி எதுர்ல ஆடு அச போடறாப்பல என்னால முடியாதுங்க.”

5

என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு விருப்பமில்லை.

“எம்பேர எடுத்துரு” என்றார், இதன் முந்தைய வடிவத்தைப் படித்துவிட்டு. “ஊருல தல காட்ட வேண்டாமா?”

எடுத்துப் பார்த்தேன். குமாரசாமி இருந்த இடத்தில் ‘பக்கத்துக் கட்டில்காரர் ஒருவர்’ என்று போட்டேன். கதை நொண்டியது. அந்தப் பக்கத்துக் கட்டில்காரருக்கு மனைவி யார், அவள் ஏன் இதையெல்லாம் ஒட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று விளக்க வேண்டியிருந்தது. ஆகவே குமாரசாமி குமாரசாமியாகவே இருக்கிறார். வீட்டில் இரண்டு வேளை பேச்சு வார்த்தை இல்லை.

அவருக்கு ஆபரேஷன் முடிந்த மறுநாள் விடிகாலையிலேயே, யாரையும் லட்சியம் செய்யாமல், அறை முழுக்கக் கேட்கும்படி காற்று பிரிந்தது. மதுமதி கை தட்டாத குறை. மத்தியானம் கஞ்சி, அடுத்த நாள் இட்லி. திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சின்னண்ணன் விட்ட பெருமூச்சை நான் கேட்டேன். ஒரு இட்லிக்காக ஒரு மனிதர் அப்படிப் பெருமூச்சு விட்டு நான் கேட்டதில்லை. பாவமாக இருந்தது. சட்னியை மூடி வைத்தேன்.

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. பெருங்குடலின் கடைசியில் இரண்டு கதவுகள் உண்டு. உள்கதவு நம் பேச்சைக் கேட்காது. நேரம் வந்தால் தானே திறக்கும். அங்கே வந்து நிற்பது காற்றா, நீரா, கெட்டியா என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடும் தோல் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வெளிக்கதவு மட்டும் நம் கட்டுப்பாட்டில். சபை பார்த்து, ஆள் பார்த்து, திறக்கலாமா வேண்டாமா என்று நாம்தான் முடிவு செய்கிறோம். மானம் மரியாதை எல்லாம் நெஞ்சில் இருப்பதாகப் பெரியவர்கள் சொல்கிறார்கள். எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. (இந்தப் பத்தியைப் பிரவீனாவுக்கு அனுப்பவில்லை.)

6

நடந்தது ஒரு மத்தியான வேளை. மாதேஸ்வரன் நாற்காலியில் இருந்தார். கட்டிலின் கால்மாட்டில் சௌந்திரம். திரைக்கு இந்தப் பக்கம் என் கணவர் பாதித் தூக்கத்தில், பக்கத்தில் நான். கல்யாணப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. “உப்பு சவுளிய ஈரோட்டுல எடுக்கலாமுங்களா, சேலத்துலயேங்களா?” என்று மாதேஸ்வரன் கேட்டார். கல்யாண ஜவுளி எடுக்கப் போவதைத்தான் சொல்கிறார். சின்னண்ணன் பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

அப்போது ஒரு சத்தம்.

‘தூரத்து இடி போல—’ அடித்துவிட்டேன். ‘புதுத் துணி கிழிந்தாற்போல—’ அடித்துவிட்டேன். சத்தம் வந்தது, அவ்வளவுதான். நீளமும் இல்லை, குட்டையும் இல்லை. தமிழில் அதற்கு இரண்டே எழுத்தில் ஒரு சொல் இருக்கிறது. எல்லோருக்கும் தெரியும். நான் எழுதப் போவதில்லை, என் மாமியார் இந்த இதழை வாங்குகிறார்.

பாட்டிலில் சொட்டு விழுவதுகூடக் கேட்டது. திரைக்கு அந்தப் பக்கமிருந்து வந்ததா, இந்தப் பக்கமிருந்து வந்ததா? அந்த அறை சின்னது. சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

என் கணவர் கண்ணைத் திறந்தார். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கணீரென்று சொன்னார்:

“மன்னிச்சுக்கோங்க, நான்தானுங்க.”

“அதனாலென்னுங்க, ஒடம்பு நல்லானாச் செரி” என்றார் மாதேஸ்வரன் பெருந்தன்மையாக. பேச்சு மறுபடியும் ஜவுளிக்குப் போனது. அடுத்த சுற்றில் மதுமதி வந்தாள். “என்னப்பா, காத்து பிரிஞ்சுதா?” என்று கேட்டாள். சின்னண்ணன் சுவரிடம் சொன்னார்: “இல்லீங்க.”

நல்ல மனசில் செய்த காரியம்தான். ஒரு மனிதரின் மானத்தைக் காப்பாற்றினார் என் கணவர். அந்த நிமிஷம் அவரை நினைத்து எனக்குப் பெருமையாகவே இருந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

7

காலையில் டாக்டர் வந்தார். சின்னண்ணனின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார், ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். “சத்தம் இருக்கறாப்பலயும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு” என்றார். பிறகு சௌந்திரத்தைப் பார்த்துச் சொன்னார்.

“இன்னிக்குப் பொழுதுக்குள்ள காத்து பிரியலைன்னா ஸ்கேன் எடுத்துருவோம்மா. தச்ச எடத்துல முறுக்கி அடைச்சிருந்தா மறுபடியும் தொறந்து பாக்க வேண்டி வரும்.”

சௌந்திரம் தலையை ஆட்டினார். டாக்டர் போனதும் என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு வந்தார். கண் கலங்கியிருந்தது, குரல் தாழ்ந்திருந்தது.

“அம்மணி, ஒன்னு கேக்கறன், தப்பா நெனைக்காதீங்க. நேத்து வந்த சத்தம்… அது உங்கூட்டுக்காரருதுங்களா, எங்கூட்டுக்காரருதுங்களா?”

நான் எத்தனையோ கதைகளுக்குக் கரு தேடி அலைந்திருக்கிறேன். ஒரு பெண்ணின் வாழ்வே ஒரு கேள்வியில் தொங்கி, அந்தக் கேள்வி இப்படி அமையும் என்று நினைத்ததே இல்லை. சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

“அண்ணங்கிட்டயே நீங்க கேக்கலைங்களா?”

“கேட்டனுங்க. ‘அவரு எதுர்ல பேசாத’ன்னு பல்லக் கடிக்கறாரு. அந்த மனுசன் நாற்காலிய உட்டு எந்திரிச்சாத்தானுங்களே இவரு வாயத் தொறப்பாரு? மறுக்கா வவுத்த அறுத்தாலும் அறுத்துக்குவாரு அம்மணி, சம்மந்தி காதுல உழுகற மாதிரி இத மட்டும் ஒத்துக்கமாட்டாரு.”

நான் போய் என் கணவரைக் கிசுகிசுப்பாகக் குறுக்கு விசாரணை செய்தேன்.

“என்னுதுதான்” என்றார்.

“மருந்து மேல சத்தியமாச் சொல்லுங்க.”

போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார். “தூக்கக் கலக்கம். எனக்கே தெரியல. அந்த மனுசன் கூசிப் போயிருவாரேன்னு சொல்லிப்போட்டேன்.”

“அவரு சாப்பாட்டயே நீங்க புடுங்கிட்டீங்க, தெரியுமா? மறுபடி ஆபரேஷன்கறாங்க.”

அவர் முகம் சுண்டிவிட்டது. இரண்டு இட்லிகளில் ஒன்றைத் தொடவே இல்லை.

8

இந்த இடத்தில் எனக்கு முன்னால் சில முடிவுகள் இருந்தன. எல்லாவற்றையும் வைக்கிறேன். வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்று: மாதேஸ்வரனை ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே அனுப்புவது. இதை நிஜமாகவே முயன்றேன். “அண்ணா, கேண்டீன்ல டீ நல்லா இருக்குதாம்” என்றேன். போனார். சொன்ன வேகத்தில் எங்கள் எல்லோருக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்.

இன்னொன்று: சின்னண்ணன் திடீரென்று எழுந்து உட்கார்ந்து, ‘மானம் பெரிதா உயிர் பெரிதா’ என்று ஒரு வசனம் பேசி, உண்மையை—

அவர் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை. எழுதி முடிக்கவே கை வரவில்லை.

மற்றொன்று: டாக்டரிடம் நான் போய்ச் சொல்வது. சொல்லலாம்தான். ‘யாருடையது என்று தெரியாத ஒரு சத்தம் நேற்று கேட்டது’ என்று எந்த டாக்டரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் அவர் நேரே சின்னண்ணனிடம் வந்து, சம்மந்திக்கு எதிரிலேயே கேட்பார். சின்னண்ணன் சுவரைப் பார்ப்பார்.

ஆகவே, கதாசிரியர் செய்யக் கூடாத காரியத்தைச் செய்தேன். கதைக்குள் இறங்கினேன். மாதேஸ்வரன் போன் பேச வராந்தாவுக்கு வந்தபோது மறித்து நின்று, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். முடிச்சையும் சொன்னேன்: நீங்கள் போனால்தான் காற்று, காற்று பிரிந்தால்தான் கஞ்சி, கஞ்சி இறங்கினால்தான் நீங்கள் போவீர்கள்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கல்யாணத்தையே கெடுத்துவிட்டேனோ என்று எனக்கு அடிவயிறு கலங்கியது. (வேறு யாருக்கும் கலங்காத நேரத்தில் எனக்குக் கலங்கி என்ன பயன்?)

“ஏனுங்க அம்மணி,” என்றார் கடைசியில், “இத முன்னயே சொல்லக் கூடாதுங்களா?”

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“போர் போட்டு மோட்டார் எறக்குனா மொதல்ல காத்துதானுங்க அடிக்கும். அப்பறந்தான் தண்ணி. காத்து வாரப்ப கொழாய ஒருத்தன் பொத்திப் புடிச்சுட்டு நின்னா அவன என்னன்னு சொல்லுவோம்? நானே பொத்திட்டு உக்காந்திருக்கறன் பாருங்க.”

“அப்ப நீங்க ஊட்டுக்குப் போயிட்டு…”

“போகமாட்டனுங்க.” அவர் குரலில் பிடிவாதம் இல்லை, யோசனை இருந்தது. “எதுக்குப் போறன்னு சம்மந்திக்குத் தெரியாமயா போயிரும்? அப்பறம் கல்யாணத்தன்னிக்கும் என்ற மூஞ்சியப் பாக்கமாட்டாரு. பேரன் பொறந்தாலும் பாக்கமாட்டாரு. நீங்களும் சம்மந்தியம்மாளும் கொஞ்சம் வெளிய இருங்க. ஆம்பளைங்க நாங்க பேசிக்கறம்.”

உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார். தாழ்ப்பாள் போடுகிற சத்தமும் கேட்டது.

9

இப்போது ஒரு இக்கட்டு. கதை கதவுக்கு உள்ளே நடக்கிறது, கதையை எழுதுகிறவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

மற்ற கதாசிரியர்கள் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். எனக்கு அந்த வித்தை தெரியும், செய்ய மனம் வரவில்லை. சௌந்திரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் கை ஜில்லென்று இருந்தது. அதை விட்டுவிட்டு எங்கே போவது?

கேட்டதை மட்டும் சொல்கிறேன். முதலில் மாதேஸ்வரனின் குரல், தாழ்வாக. என்ன சொன்னார் என்று பிடிபடவில்லை. நாற்காலி நகர்கிற சத்தம். பச்சைத் திரை சர்ரென்று விலகுகிற சத்தம். என் கணவர் ஏதோ சொன்னார். பிறகு ஒன்றுமே இல்லை. சௌந்திரம் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தார். என்ன வேண்டிக்கொண்டார் என்று கேட்க வேண்டியதில்லை. தெய்வத்திடம் ஜனங்கள் எதை எதையோ கேட்டிருப்பார்கள், திருச்செங்கோட்டு மலை மேல் இருப்பவருக்கும் இது புதுசாகத்தான் இருந்திருக்கும்.

அப்புறம் கதவைத் தாண்டி வந்தது.

நான் எண்ணவில்லை. ஒன்றா, ஒன்றுக்கு மேலா என்று சொல்லமாட்டேன். அதற்குப் பின்னால் சிரிப்பு. மூன்று ஆண்பிள்ளைகள் பள்ளிக்கூடப் பையன்களைப்போலச் சிரிக்கிற சிரிப்பு. நடுவில் சின்னண்ணனின் குரல்: “ஐயோ, தையலு, தையலு! சிரிக்க வெக்காதீங்க சம்மந்தி!”

சௌந்திரம் கண்ணைத் திறந்தார். இத்தனை நாளில் அவர் புருஷன் சிரித்து அப்போதுதான் நான் கேட்கிறேன்.

மதுமதி ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தாழ் போட்ட கதவைத் தட்டினாள். மாதேஸ்வரன் திறந்துவிட்டுத் திரும்பிப் போனார், ஆனால் நாற்காலிக்கு இல்லை. சின்னண்ணனின் கட்டிலிலேயே ஓரமாக உட்கார்ந்துகொண்டார். தேய்த்த சட்டை கசங்கியிருந்தது. நடுவில் இருந்த திரை சுவரோடு ஒதுங்கிக் கிடந்தது. எங்கள் பக்கத்துக் கட்டிலில் என் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் துடைத்துக்கொண்டிருந்தார்.

மதுமதி மூக்கைச் சுளித்தாள். மூன்று பேரையும் பார்த்தாள். பஸ் வந்துவிட்டதா என்கிற அதே குரலில்தான் கேட்டாள்.

“யாருக்குப்பா காத்து பிரிஞ்சுது?”

மாதேஸ்வரன் முதலில் கையைத் தூக்கினார். என் கணவரும் தூக்கினார். மூன்றாவது கை மெதுவாக, ஊசியும் குழாயுமாக மேலே வந்தது. சின்னண்ணன் சுவரைப் பார்க்கவில்லை. நேராகச் சம்மந்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு தூக்கினார்.

உள்ளே மாதேஸ்வரன் என்ன சொன்னார், முதலில் யார், பிறகு யார்? எனக்குத் தெரியாது. அலுவலக ரகசியத்தைக்கூட என்னிடம் வைத்துக்கொள்ளத் தெரியாத என் கணவர் இந்த ஒன்றுக்கு மட்டும் வாயைத் திறப்பதில்லை. ஆகவே அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். நீங்கள் எழுதிக்கொள்ளலாம். வெட்கப்படாமல் எழுதுங்கள்.

(                              )

“டாக்டர் வந்து பாத்துட்டுத்தான் சொல்லுவாரு, மொதல்ல வெந்நீர்தான்” என்று மதுமதி சொல்லிக்கொண்டிருந்தாள். யாரிடம் சொல்கிறாள்? சௌந்திரம் கஞ்சி வாங்கப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அதற்குள் மாடிப்படிக்கே போய்விட்டிருந்தார். பாதிப் படியில் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“யாருதுன்னு மட்டும் கேட்டுப்போடாதீங்க அம்மணி” என்றார்.

நான் கேட்கவில்லை. நீங்கள் வேண்டுமானால் உள்ளே போய்க் கேட்டுப் பாருங்கள். மூன்று பேரும் இன்னும் கையை இறக்கவில்லை.